நியூயார்க்கில் நாற்பத்தைந்தாயிரம், தண்டையார்பேட்டையில் இரண்டாயிரத்து அறுநூறு: கட்டுமானச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 முதல் 2009 வரை சிங்கப்பூரில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். அதற்குப் பிறகு வடசென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் பக்கம், சின்ன அலுவலகம். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு மனைகளில் வீடு கட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் ஒரு அண்ணனோ மருமகனோ இருக்கிறார். பேச்சு எப்படித் தொடங்கினாலும், "அங்கே எவ்வளவு தெரியுமா சார்?" என்ற இடத்துக்கு வந்துவிடும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

நியூயார்க்கில் கட்டட வேலைக்குச் சதுர அடிக்கு 45,000 ரூபாய் ஆகிறது என்கிறார்களே, உண்மையா?

கணக்கு சரிதான். டர்னர் அண்ட் டவுன்சென்ட் என்ற ஆலோசனை நிறுவனம் ஆண்டுதோறும் உலக நகரங்களின் கட்டுமானச் செலவை ஒப்பிட்டு வெளியிடுகிறது. 2024-இல் அந்தப் பட்டியலில் நியூயார்க் முதலிடம்: சதுர மீட்டருக்கு சராசரி 5,723 டாலர். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. வகுத்தால் சதுர அடிக்கு 532 டாலர், நம் காசில் 45,000 ரூபாய் அளவில் வரும்.

ஆனால் அது வீட்டின் விலை அல்ல. அலுவலகக் கோபுரம், மருத்துவமனை, கிடங்கு, அடுக்குமாடி எல்லாம் சேர்ந்த சராசரி. எங்கள் பகுதியில் வீடு கட்ட நான் சதுர அடிக்கு வாங்கும் 2,600 ரூபாயில் லிஃப்ட் கிடையாது, மைய குளிரூட்டல் கிடையாது, தீயணைப்புக் குழாய் கிடையாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பதினேழு மடங்கு என்று சொல்வது தப்பு. ஒரே மாதிரிக் கட்டடங்களை ஒப்பிடும் அந்தப் பட்டியலிலேயே இந்திய நகரங்களின் செலவு நியூயார்க் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பத்து மடங்கும் லேசான வித்தியாசம் இல்லை, அது வேறு விஷயம்.

இன்னொரு பட்டியலில் லண்டன்தான் முதலிடம் என்று படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. ஆர்கேடிஸ் நிறுவனத்தின் 2024 பட்டியலில் லண்டன் முதலில் வந்தது. எந்தெந்தக் கட்டடங்களைக் கணக்கில் எடுத்தார்கள், எந்த நாளின் டாலர் மதிப்பை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து முதல் ஐந்து இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஜெனீவா, சூரிக் எல்லாம் சுவிஸ் பிராங்க் ஏறினால் மேலே போகும். அங்கே ஒரு செங்கல்கூட விலை ஏறியிருக்க வேண்டாம். டோக்கியோவில் இதற்கு நேர்மாறு: உள்ளூரில் செலவு ஏறியது, ஆனால் யென் விழுந்ததால் டாலரில் மலிவாகத் தெரிகிறது.

டாலரில் ஒப்பிடுவதே கொஞ்சம் ஏமாற்று வேலை என்பது என் கருத்து. உலக வங்கி நடத்தும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் இதற்காகத்தான் வாங்கும் திறன் அடிப்படையில் கணக்குப் போடுகிறது. அதன் 2017 சுற்றில் சந்தை விகிதம் டாலருக்கு 65.12 ரூபாய். வாங்கும் திறனில் பார்த்தால் 20.65 ரூபாய்தான். அதாவது அமெரிக்காவில் ஒரு டாலர் செய்யும் வேலையை இங்கே இருபது ரூபாய் செய்தது. உங்கள் மருமகன் டாலரை எண்பத்து ஐந்தால் பெருக்கிக் காட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட்டும் கம்பியும் உலகம் முழுக்க ஒரே பொருள்தானே? பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பொருள் விலை நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. இங்கே ஒரு மூட்டை சிமெண்ட் வரியோடு 370 ரூபாய். டன்னுக்கு 20 மூட்டை, ஆக 7,400 ரூபாய், ஏறக்குறைய 86 டாலர். அமெரிக்காவில் 2023-இல் சராசரி டன் 150 டாலர் அளவில் இருந்தது. இரண்டு மடங்குகூட இல்லை. கம்பியும் அப்படித்தான். இரும்பு கப்பலில் ஏறி ஊர் ஊராகப் போகிற சரக்கு. ஒரு நாட்டில் விலை ஏறினால் இன்னொரு நாட்டுச் சரக்கு வந்து இறங்கும்.

கொத்தனார் கப்பலில் ஏறி வருவதில்லை. அமெரிக்கக் கட்டுமானத் தொழிலில் சராசரி ஊதியம் மணிக்கு 35 டாலருக்கு மேல். எட்டு மணி நேரத்துக்கு 280 டாலர், 24,000 ரூபாய். எங்கள் சைட்டில் நல்ல கொத்தனாருக்கு 1,200. சிமெண்ட்டில் இரண்டு மடங்குக்குள், ஆள் கூலியில் இருபது மடங்கு. மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. அவர்கள் ஏன் மரச்சட்டத்தில் வீடு கட்டுகிறார்கள், ஏன் நகத்துக்குச் சமமான ஆணியைக்கூட இயந்திரத்தால் அடிக்கிறார்கள் என்றால், ஆளைக் குறைக்கத்தான். இங்கே ரூஃப் கான்கிரீட் போடுகிற அன்று முப்பது பேர் நிற்பார்கள். அங்கே முப்பது பேரை நிறுத்தினால் அந்த ஒரு நாளிலேயே வீட்டுக்காரர் கடன்காரர் ஆகிவிடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் விலையில் சாரத்துக்கு வலை, ஹெல்மெட், காப்பீடு, விபத்து நடந்தால் நஷ்டஈடு எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் விலை மலிவாக இருப்பதில் ஒரு பங்கு, வெறுங்காலோடு மூங்கில் சாரத்தில் நிற்கிறவர் கொடுக்கிற மானியம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலேயே வந்துவிட்டது. கட்டட மதிப்பில் ஒரு சதவீதம் நல வரியாகவும் வாங்குகிறார்கள். ஆனால் வாரிய அட்டையைப் புதுப்பிக்காத சித்தாள்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

ஒரே நாட்டுக்குள்ளாவது கூலி ஒன்றாக இருக்கிறதா?

இல்லை. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில், 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 850 ரூபாய், தமிழ்நாட்டில் 500, தேசிய சராசரி 390-ஐ ஒட்டி, மத்தியப் பிரதேசத்தில் 280-க்கும் கீழ். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும் ஒடிசா, பீகார் பையன்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த நான்கு எண்களே பதில்.

தீபாவளி, சட் பூஜை, ஊரில் தேர்தல் என்று அவர்கள் கிளம்பிவிட்டால் வேலை நின்றுபோகும். 2020 ஊரடங்கில் மொத்தமாகப் போனார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட ஆளில்லாமல் மூன்று மாதம் அப்படியே நின்றது. கம்பி துருப்பிடித்து, பலகை வளைந்து, திரும்பப் பிரித்துக் கட்டினேன். அந்தச் செலவு யார் தலையில் என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் வந்த மனஸ்தாபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எது அதிகம் ஏறியிருக்கிறது?

என்னிடம் 2012-ஆம் வருடத்து நோட்டு ஒன்று இருக்கிறது. காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரிக்குக் கட்டிய வீடு. அட்டையில் மழைத்தண்ணீர் பட்டு நீல மை கரைந்திருக்கிறது, உள்ளே தெளிவாகத்தான் இருக்கிறது. சிமெண்ட் மூட்டை 300. கம்பி டன் 46,000. கொத்தனார் 500. சித்தாள் 300.

2025 கடைசியில் அதே வரிசையில் நான் எழுதியது: சிமெண்ட் 370. கம்பி 62,000. கொத்தனார் 1,200. சித்தாள் 750.

சிமெண்ட் கால் பங்கு ஏறியிருக்கிறது. கம்பி மூன்றில் ஒரு பங்கு. ஆள் கூலி இரண்டரை மடங்கு. எல்லோரும் சிமெண்ட் விலையைத்தான் பேசுவார்கள், ஏனென்றால் அதுதான் செய்தித்தாளில் வருகிறது. சித்தாள் கூலி ஐம்பது ரூபாய் ஏறியதற்கு எந்தப் பத்திரிகையும் செய்தி போடாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. கட்டுமானத்தில் ஓர் ஆள் ஒரு நாளில் செய்கிற வேலை, தொழிற்சாலையில் கூடியது போலக் கூடவில்லை. அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு அது குறைந்தே போயிருக்கிறது என்று ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மற்றத் தொழில்களில் சம்பளம் ஏறினால் கொத்தனாருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவர் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விடுவார். வேலையின் அளவு அதே, கூலி மட்டும் மேலே. எங்கள் மேஸ்திரியின் மகன் உணவு டெலிவரிக்குத்தான் போகிறான். கரண்டி பிடிக்கச் சொன்னால் சிரிக்கிறான்.

2021, 2022-இல் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் விலை ஏறியது ஏன்? இப்போது இறங்கிவிட்டதா?

கொரோனாவில் ஆலைகளும் மர அறுப்பு மில்களும் உற்பத்தியைக் குறைத்தன. வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள் வீட்டைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். கப்பல் வாடகை ஏறியது. அமெரிக்காவில் ஆயிரம் பலகை அடி மரம் 400 டாலர் அளவில் இருந்தது, 2021 மே மாதம் 1,600-ஐத் தாண்டியது. சரி, அடங்குகிறது என்று நினைக்கும்போது 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். ஐரோப்பாவில் எரிவாயு விலை கன்னாபின்னாவென்று ஏறி, அதை நம்பியிருந்த செங்கல், கண்ணாடி, ஓடு எல்லாம் கூடவே ஏறின. ஜெர்மனியில் 2022-இல் புதிய வீடு கட்டும் செலவு ஒரே ஆண்டில் 16.4 சதவீதம் உயர்ந்தது. 1958-க்குப் பிறகு அவ்வளவு பெரிய ஏற்றம் அங்கே கிடையாது.

இங்கே அந்த ஏப்ரலில் கம்பி டன் 75,000-ஐத் தாண்டியது. மே 22 முதல் மத்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. விலை இறங்கியது. நவம்பரில் வரியை எடுத்துவிட்டார்கள்.

இறங்கிவிட்டதா என்றால்: பொருள் இறங்கியது, செலவு இறங்கவில்லை. மரமும் கம்பியும் பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்தன. அதற்குள் கூலியும் வங்கி வட்டியும் ஏறி அந்த இடத்தை நிரப்பிவிட்டன.

கம்பி விலை அடங்கியதற்குச் சீனாவும் ஒரு காரணம். உலக உருக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தி. 2021-இல் எவர்கிராண்ட் என்ற பெரிய வீடு கட்டும் நிறுவனம் கடனில் சிக்கிய பிறகு அங்கே வீடு கட்டுவது படுத்துவிட்டது. உள்ளூரில் விற்காத உருக்கை வெளியே தள்ளினார்கள், 2024-இல் மட்டும் 11 கோடி டன்னுக்கு மேல். அதைத் தடுக்க ஒவ்வொரு நாடும் வரிச்சுவர் எழுப்புகிறது. அமெரிக்கா 2025 ஜூனில் உருக்கு இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியது. சீனாவில் ஒரு கட்டடம் பாதியில் நின்றால் மணலியில் கம்பி விலை அசைகிறது என்பது பத்து வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

விம்கோ நகர் மெட்ரோவுக்கு அவ்வளவு செலவா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் எவ்வளவு?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர். 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். செலவு 3,770 கோடி. கிலோமீட்டருக்கு 420 கோடி அளவில். இதில் தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் மட்டும் பூமிக்கடியில், மற்றவை தூண் மேல். மாதவரத்திலிருந்து கிளம்பும் வழித்தடங்களையும் சேர்த்த இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடி. சுரங்கம் அதிகம், காலமும் தள்ளி வந்தது.

நியூயார்க்கில் இரண்டாவது அவென்யூ சுரங்கப்பாதையின் முதல் பகுதி 2017 ஜனவரி 1 அன்று திறந்தது. நீளம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு, செலவு 445 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். டோல்கேட்டிலிருந்து தேரடி போவதற்குள் பத்தாயிரம் கோடி முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது, வேடிக்கை அங்கேதான். மாட்ரிட் நகரம் பணக்கார நாட்டில் இருக்கிறது, ஐரோப்பியச் சம்பளம் கொடுக்கிறது, ஆனால் நியூயார்க் செலவில் ஒரு சிறு பங்கில் சுரங்கப்பாதை கட்டியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதையே பல வருடம் ஆராய்ந்தது. அவர்கள் கண்டது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை: தேவைக்கு மேல் பெரிய நிலையங்கள், தேவைக்கு மேல் ஆட்கள், எல்லாவற்றுக்கும் வெளி ஆலோசகர். மாட்ரிட்டில் நிலையங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு, முடிவெடுக்கத் தெரிந்த பொறியாளர்கள் அரசுச் சம்பளத்தில்.

பிரிட்டன் இதில் தனி ரகம். ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதையில், வௌவால்களுக்கு அடிபடக்கூடாது என்று ஒரு காட்டை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூடாரம் போல மூடி கட்டுகிறார்கள். 10 கோடி பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் ஆயிரம் கோடி. வௌவால் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ரயில் பாதை மான்செஸ்டருக்குப் போக வேண்டியது, செலவு தாங்காமல் 2023-இல் பர்மிங்காமோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மணல் விலை ஏன் இப்படி? கடற்கரையில்தானே இருக்கிறோம், கடல் மணலில் கட்டலாமே?

காசிமேட்டில் இதை வாரம் ஒருவர் கேட்கிறார். கூடாது. கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு கம்பியைத் தின்னும், கம்பி ஊதும், மேலே இருக்கிற கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயரும். எர்ணாவூர் பக்கம் பழைய குடியிருப்புகளின் பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், நான் விளக்க வேண்டியதில்லை. பாலைவன மணலும் ஆகாது, காற்றில் உருண்டு வழவழப்பாகிவிட்டதால் சிமெண்ட்டைப் பிடிக்காது. அதனால்தான் வளைகுடா நாடுகள் மணலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மணல் இறக்குமதி செய்கின்றன.

2007-இல் நான் சிங்கப்பூரில் இருந்தபோது இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே மலேசியாவும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. கான்கிரீட் விலை சில வாரங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அரசு, கையிருப்பில் மலை போலக் குவித்து வைத்திருந்த மணலைத் திறந்துவிட்டது. எங்கள் சைட்டில் கலவை லாரி வராமல் இரண்டு வாரம் கம்பிக்கு நடுவில் கேரம் ஆடினோம். அப்போது நான் நினைத்தது: நம் ஊரில் பாலாறு, கொள்ளிடம் எல்லாம் இருக்கிறது, நமக்கு இந்தக் கதி வராது.

வந்தது. ஆறுகளைச் சுரண்டித் தீர்த்து, நீதிமன்றம் தலையிட்டு, கடைசியில் 2018-இல் மலேசிய மணல் கப்பலில் வந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கியது. இன்றைக்கு எங்கள் பக்கம் கட்டுவதெல்லாம் எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். கருங்கல்லை உடைத்து எடுப்பது. அதுவும் குவாரி உரிமம், கனிம வரி, லாரி வாடகை என்று எது அசைந்தாலும் ஏறும். 2025 ஏப்ரலில் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் நின்றது, எம்-சாண்டும் நின்றது. வாங்கும்போது கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். விரலில் மாவு போல ஒட்டினால் அது கழுவாத கிரஷர் தூள், திருப்பி அனுப்புங்கள்.

இலங்கையில் என்ன ஆனது?

2022-இல் சில மாதங்களில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயானது. சிமெண்ட் விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் போனது. கம்பி, டைல்ஸ், வயர் பலவும் இறக்குமதி என்பதால் பாதியில் நின்ற வீடுகள் அப்படியே நின்றன. உள்ளூரிலேயே சிமெண்ட்டும் கம்பியும் செய்கிற நாட்டில் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

சிங்கப்பூர், ஜப்பான் போல அறை அறையாகச் செய்து கொண்டுவந்து அடுக்கினால் மலிவாகாதா?

அவர்கள் மலிவுக்காகச் செய்யவில்லை. ஆள் இல்லாததால் செய்கிறார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். 2024 முதல் கட்டுமானத்தில் திறன் குறைந்தவருக்கு 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தேர்ந்தவருக்கு 500. சம்பளம் தனி. ஓர் ஆளைக் குறைத்தால் அவ்வளவும் மிச்சம். ஜப்பானில் தொழிலாளர்களுக்கு வயதாகிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் கட்டுமானத்திலும் மிகைநேர வேலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஒசாகா 2025 உலகக் கண்காட்சித் திடலைக் கட்டும் செலவு 12,500 கோடி யென் என்று தொடங்கி 23,500 கோடி யென்னில் வந்து நின்றது.

நம் ஊரிலும் பெரிய அளவில் சாத்தியம்தான். பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்புக் கான்கிரீட்டில் 116 கோடிக்குக் கட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். ஆனால் அதற்குப் பெரிய இடம் வேண்டும், கிரேன் நிற்க வேண்டும், ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடு வேண்டும். கொருக்குப்பேட்டையில் எட்டு அடித் தெருவில், இருபதுக்கு முப்பது மனையில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற இடத்தில் கிரேனை எங்கே நிறுத்துவது?

தாம்பரத்தில் 2,300-க்குக் கட்டித் தருகிறார்கள். நீங்கள் ஏன் 2,600 கேட்கிறீர்கள்?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. மேலே சொன்ன எட்டு அடித் தெருதான் பாதிப் பதில்.

போன மாசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வேலை. ஜல்லி லாரி பகலில் உள்ளே வர முடியாது. இரவு பத்தரைக்கு மேல் வந்து தெருமுனையில் கொட்டிவிட்டுப் போகும். அங்கிருந்து வீடு எழுபது அடி. ஆறு பேர், தலையில் சும்மாடு, பாண்டு பாண்டாகச் சுமப்பார்கள். நடுவில் நிற்கிற இரண்டு சக்கர வண்டிகளை எழுப்பி எழுப்பி நகர்த்த வேண்டும். விடிவதற்குள் தெருவைப் பெருக்கிக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் தண்ணீர் பிடிக்க வருகிற அக்காமார்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் இப்படி இறக்குகூலி இரண்டு தடவை. தாம்பரத்தில் லாரி மனைக்குள்ளேயே பின்பக்கமாக வந்து கொட்டும்.

மீதிப் பாதி, மண்ணும் உப்பும். சில தெருக்களில் நாலடி தோண்டினால் மணல், அடுத்த தெருவில் கறுப்புக் களிமண். களிமண் வந்தால் கடைக்காலோடு முடியாது, பைல், அதாவது ஆழத்தில் இறங்கும் கான்கிரீட் தூண், போட வேண்டும். தோண்டினால் ஊற்று வரும், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நிலத்தடி நீர் மீஞ்சூர், எண்ணூர் பக்கம் உப்பேறிப் போனது, அதனால் கலவைக்கும் நீராற்றவும் லாரித் தண்ணீர். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் பார்த்தபிறகு, சாலை மட்டத்திலிருந்து மூன்றடி தூக்காமல் யாரும் பேஸ்மெண்ட் போடச் சொல்வதில்லை. அந்த மூன்றடி மண்ணும் காசுதான்.

ஒன்றே ஒன்று இங்கே வசதி. அத்திப்பட்டு அனல் மின்நிலையச் சாம்பல் பக்கத்திலேயே இருப்பதால் அதில் செய்கிற சாம்பல் கல்லுக்கு லாரி வாடகை குறைவு. அந்தச் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தை என்ன செய்தது என்று மீனவர்கள் சொல்வார்கள், அது தனிக்கதை.

சிமெண்ட் வரி குறைந்ததால் எவ்வளவு மிச்சம்?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். 400 ரூபாய் மூட்டை என்றால் அடக்க விலை 312.50. புது வரியோடு 368.75. மூட்டைக்கு 31 ரூபாய் குறைய வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை பிடிக்கும், ஆக 12,500 ரூபாய் மிச்சம். 26 லட்சம் வீட்டில் அரை சதவீதம்கூட இல்லை. சமையலறை டைல்ஸை ஒரு தடவை மாற்றிச் சொன்னால் போய்விடும்.

இந்த 26 லட்சம் எதெதற்குப் போகிறது?

ஆயிரம் சதுர அடிக்கு என் கணக்கு: சிமெண்ட் ஒன்றரை லட்சம். கம்பி நான்கு டன், இரண்டரை லட்சம். எம்-சாண்ட், பி-சாண்ட், ஜல்லி சேர்த்து இரண்டரை லட்சம். கல் இரண்டு லட்சம். கொத்து, கம்பி, சென்ட்ரிங், டைல்ஸ், வயரிங், குழாய், பெயிண்ட் எல்லா ஆள் கூலியும் சேர்ந்து எட்டரை லட்சத்துக்குக் குறையாது, மூன்றில் ஒரு பங்கு. மிச்சம்தான் கதவு, ஜன்னல், டைல்ஸ், மின்சாமான், குழாய்ச் சாமான், சம்ப், என் சம்பளம். நீங்கள் தேர்ந்தெடுக்கிற பொருட்களில்தான் வீட்டுக்கு வீடு மூன்று நான்கு லட்சம் வித்தியாசம் வரும். கம்பியிலும் சிமெண்ட்டிலும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு பயம்.

இப்போது கட்டலாமா, விலை இறங்கட்டும் என்று பொறுக்கலாமா?

கம்பிக்காகப் பொறுக்கலாம், நான்கு மாதத்தில் ஐயாயிரம் குறையவும் வாய்ப்புண்டு. கூலிக்காகப் பொறுத்தால் அது ஒருநாளும் இறங்காது. நான் பார்த்த இந்த இருபது வருடத்தில், சிங்கப்பூர் உட்பட, கொத்தனார் கூலி இறங்கி நான் பார்த்ததில்லை. பணம் கையில் முழுசாக இருந்தால் தொடங்குங்கள். பாதிப் பணத்தில் தொடங்கி, கடைக்காலோடு ஒரு வருடம் நிறுத்தி வைப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் பணம் அனுப்புகிறார். டாலர் ஏறினால் நமக்கு லாபமா?

அனுப்புகிற அன்றைக்கு லாபம். டாலர் ஏறினால் டீசலும் ஏறும், தாமிர வயரும் ஏறும், ஆறு மாதத்தில் உங்கள் பில்லில் வந்துவிடும். அதைவிட முக்கியம், பணம் கட்டம் கட்டமாக நேரத்துக்கு வருவது. ரூஃப் போடுகிற வாரம் "அண்ணன் அடுத்த மாசம் போடுறேன்னாரு" என்றால் கம்பி கட்டுகிற ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது பழைய கூலிக்கு வரமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்?

கம்பி, சிமெண்ட் விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் யார் ஏற்பது, இறங்கினால் யாருக்கு என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஏறினால் மட்டும் வாங்கிக்கொள்கிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு. கம்பியின் பிராண்ட், கதவின் மரம், டைல்ஸின் சதுர அடி விலை, சுவிட்சின் பெயர் வரை எழுத வேண்டும்.

அப்புறம், சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். வெளிச்சுவர் வரை அளப்பவர் உண்டு. பால்கனியை முழுசாகச் சேர்ப்பவர், பாதியாகச் சேர்ப்பவர் உண்டு. மாடிப்படித் தலைப்பையும் லாஃப்ட்டையும் சேர்ப்பவரும் உண்டு. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் 2,300-க்குள் இருக்கிறதா, வெளியேயா? தாம்பரத்துக்காரர் கொடுத்த கொட்டேஷனை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து அளந்து பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் சைட்டில் இருப்பேன்.